எல்லாக் கட்டணங்களும்

"விருந்தினராக வரும் உறுப்பினரிடம் எல்லாக் கட்டணங்களும் எமது உறுப்பினருக்குரிய வீதத்திலேயே அறவிடப்படும்." ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு இது. 2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், மலையகத்தின் பழைய கோல்ஃப் கழகம் ஒன்றின் அலுவலகத்தில் உதவிச் செயலாளராக இருந்தபோது இதை எழுதியவள் நான். ஐந்து கழகங்களுக்கு ஐந்து பிரதிகள் அனுப்பினோம். ஐந்திலும் இந்த வாக்கியம் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. அதில் உள்ள 'எல்லா' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். கழகத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை செய்பவர்களும் விளையாடுபவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், இன்றும் தினமும் முகம் பார்ப்பவர்கள்.

எங்கள் மைதானத்தில் ஒன்பது குழிகள்தான் உண்டு. அதை இரண்டு முறை சுற்றினால் பதினெட்டு. மூன்று பக்கமும் தேயிலை, நான்காவது பக்கத்தில் சவுக்கு மரங்களும் அவற்றுக்குக் கீழே ஓர் ஓடையும் இருக்கின்றன. என் அப்பா அந்த மைதானத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கெடியாக இருந்தார். பந்துப்பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து, குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையான கிரீனில் மேடும் பள்ளமும் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஆட்டக்காரருக்குச் சொல்வது அவருடைய வேலை. "மழை பேஞ்சா தண்ணி எங்க ஓடுமோ, பந்தும் அங்கதான் ஓடும்" என்று அவர் சொல்லுவார். மழை பெய்யும்போது மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும் என்பதால், ஆட்டம் நிறுத்தப்பட்ட நாட்களிலும் அவர் கெடிமாரின் கொட்டகை வாசலில் நின்று கிரீன்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருவருடைய மகள் அந்த வாக்கியத்தை எழுதினாள் என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

ஒரு கடிதத்தின் பயணம்

பரஸ்பர ஒப்பந்தத்தை எங்கள் அலுவலகத்தில் 'ரெசிப்ரொக்கல்' என்றே சொல்வோம். ஒரு கழகத்தின் உறுப்பினர் இன்னொரு கழகத்துக்குப் போகும்போது, தன் செயலாளரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிச் சென்றால், அங்கே அந்தக் கழகத்து உறுப்பினரைப் போலவே விளையாடலாம், தங்கலாம், சாப்பிடலாம். இந்த வழக்கம் ஏன் வளர்ந்தது என்பதற்கு மலைநாட்டில் வாழ்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஏப்ரலில் கொழும்பு கொதிக்கும், வசதி உள்ளவர்கள் மேலே ஏறுவார்கள். நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் தொடங்கியது. கொழும்புக் கழகம் காலிமுகத்திடலை விட்டு 1896இல் பொரளையில் உள்ள இன்றைய ரிட்ஜ்வே மைதானத்துக்குப் போனது. 1928இல் அதற்கு 'றோயல்' பட்டம் கிடைத்தது. களனிவெளி ரயில் பாதை இன்றும் அந்த மைதானத்தை ஊடறுத்துச் செல்கிறது. கடலுக்கு அப்பால் கல்கத்தாவில் 1829இலேயே கழகம் இருந்தது. தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் வணிகர்களும் இடம் மாறிக்கொண்டே இருந்த அந்தக் காலத்தில், ஒருவர் எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு ஒரு நாற்காலியும் ஓர் ஆட்டமும் காத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கழகங்கள் ஒன்றுக்கொன்று கதவைத் திறந்து வைத்தன.

எங்கள் அலுமாரியில் அந்தக் காலத்து அறிமுகக் கடிதங்கள் சில இருக்கின்றன. நான்கு வரிக்கு மேல் எதுவும் இல்லை: இன்னார் எமது உறுப்பினர், நற்பெயருடன் இருப்பவர், பாக்கி இல்லாதவர், அவருக்கு நீங்கள் காட்டும் உபசாரத்தை நாம் நினைவில் கொள்வோம். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட நம்மவர் பெயர் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறியபோது மலைக் கழகங்களின் உறுப்பினர் பட்டியல் சுருங்கியது. ஆனாலும் கடிதம் எழுதும் வழக்கம் நிற்கவில்லை. எழுதுபவரும் வாங்குபவரும் மாறினார்கள், அந்த நான்கு வரிகள் மாறவில்லை.

இதைப் பராமரிப்பது எளிய வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு பிரிவும் யாரோ ஒருவர் எப்போதோ செய்த ஒரு காரியத்துக்குப் பதிலாக எழுதப்பட்டதாகவே இருக்கும். வருடத்துக்கு இத்தனை நாட்கள்தான் என்ற வரம்பு ஏன் என்றால், உறுப்பினர் கட்டணம் குறைவாக உள்ள கழகத்தில் சேர்ந்துகொண்டு, கட்டணம் கூடிய கழகத்தில் வருடம் முழுவதும் விளையாடுபவர்கள் எங்கும் உண்டு. அதே காரணத்துக்காகத்தான் 50 கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை என்று எங்கள் ஒப்பந்தங்களில் எழுதினேன். விருந்தினர் கணக்குச் சீட்டான சிட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் பணம் செலுத்தாமல் போனால் யார் பொறுப்பு? அவரை அனுப்பிய கழகம்தான் பொறுப்பு என்பது மரபு, ஆனால் அதை எழுதி வைக்காவிட்டால் மரபைக் காட்டிக் கடன் வாங்க முடியாது. போட்டி நாட்களில் அனுமதி உண்டா, குடும்பத்தினருக்கும் சலுகை உண்டா, கடிதத்துக்கு எத்தனை நாள் ஆயுள் என்பனவற்றையும் எழுத வேண்டும். இவை எல்லாவற்றையும் நான் கவனித்து எழுதினேன். யாராவது கழகத்தை ஏமாற்றிவிடக் கூடாது என்பதில்தான் என் கண் முழுவதும் இருந்தது.

ஆட்டத் திறமையை ஒப்பிடும் சிக்கல் மட்டும் இப்போது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆட்டக்காரரின் திறமையை ஓர் எண்ணால் குறிக்கும் ஹேண்டிகெப் முறைகள் முன்பு உலகில் ஆறு இருந்தன. 2020இல் அவை ஒன்றாக்கப்பட்டன. 18.0 என்ற சுட்டெண்ணோடு வரும் ஒருவர், கடினத்தைக் காட்டும் சாய்வு மதிப்பு 128 உள்ள மைதானத்தில் ஆடும்போது, 18ஐ 128ஆல் பெருக்கி, நடுத்தர மைதானத்துக்கு உரிய 113ஆல் வகுத்தால் 20 அளவில் வரும். மைதான மதிப்பீட்டுக்கும், ஒரு சுற்றுக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கையான பாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துவிட்டால் அன்றைய அவருடைய ஹேண்டிகெப் கிடைத்துவிடும். கடினமான மைதானத்தில் பழகியவரையும் எளிய மைதானத்தில் பழகியவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்கு இப்படி ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு சிறிய கழகத்தையும் பெரிய கழகத்தையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்கு அப்படி எதுவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

2022இல் நடந்தது

அந்த வருடத்தை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்து, ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர் என்று ஆனபோது, கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எங்கள் கழகத்துக்கு வரும் உறுப்பினர்கள் நின்றுவிட்டார்கள். அறைகள் காலியாகக் கிடந்தன. புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லாமல் கிரீன்களை மட்டும் வெட்டி, மற்ற இடத்தை மாடுகளுக்கு விட்டோம். நிலைமை சற்றுத் தெளிந்ததும், அடுத்த ஏப்ரலுக்குள் அறைகள் நிரம்ப வேண்டுமானால் புதிய பரஸ்பர ஒப்பந்தங்கள் வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. நியாயமான முடிவுதான். விருந்தினரிடம் மைதானக் கட்டணத்தில் விட்டுக்கொடுத்தாலும் அறையிலும் உணவிலும் அது திரும்பி வரும்.

மாதிரிக்கு ஒரு பெரிய கழகத்தின் ஒப்பந்தப் படிவத்தை வாங்கி, எங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றினேன். நான்காம் பிரிவு அதிலிருந்து அப்படியே வந்தது. அந்தக் கழகத்தில் கெடிக்கு உரிய கூலியை ஆட்டக்காரர் ஆட்டம் முடிந்ததும் நேராகக் கெடியின் கையில் கொடுத்துவிடுவார். அது அலுவலகத்துக்கு வருவதே இல்லை. எனவே அவர்களுடைய 'எல்லாக் கட்டணங்கள்' என்பதற்குள் கெடியின் கூலி ஒருபோதும் அடங்கியதில்லை. எங்கள் கழகத்திலோ கூலி சிட்டில் எழுதப்பட்டு, அலுவலகத்தில் செலுத்தப்பட்டு, சனிக்கிழமை மாலை கெடிமாருக்குக் கொடுக்கப்படுகிறது. வெளியார் ஏமாற்றிவிடாமல் இருப்பதற்காக, கெடிமாரே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. அதனால் எங்கள் புத்தகத்தில் கெடிக் கூலியும் ஒரு கட்டணம். உறுப்பினர் கொடுப்பது 1,000 ரூபா, வெளியார் கொடுப்பது 2,000 ரூபா. தோட்டத்தில் அப்போது ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. இரண்டு வீதத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் உழைப்பு என்பதை அறிய எனக்குக் கணக்கே தேவைப்பட்டிருக்கக் கூடாது.

2023 ஏப்ரலில் விருந்தினர் வந்தார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தார்கள். அறைகள் நிரம்பின, சமையலறையில் மேலதிகமாக இருவரைச் சேர்த்தோம், பொருளாளர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நானும் மகிழ்ந்தேன்.

கொட்டகையில்

மாதக் கடைசிச் சனிக்கிழமை, கொடுப்பனவு முடிந்து நான் பணப்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு ஒன்றாக வேலை செய்த மூத்த கெடி ஒருவர் வாசலில் நின்றார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார், சேறு படிந்த சப்பாத்தோடு அலுவலகத்துக்குள் வருவதில்லை என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. எனவே நான் எழுந்து அவரோடு கொட்டகைக்குப் போனேன். அங்கே இன்னும் ஆறேழு பேர் இருந்தார்கள். யாரும் கோபமாக இல்லை.

"புள்ள, இந்த வருசம் சீசனுக்கு ஆள் கூடவா கொறைவா?" என்று கேட்டார்.

"கூடத்தான், மாமா."

"எங்க கைக்குக் கொறைவா வந்துருக்கே. எங்கயாச்சும் கணக்குப் பெசகியிருக்குமோன்னுதான் கேக்க வந்தேன்."

கணக்குப் பிசகவில்லை என்று சொன்னேன். விருந்தினர் இப்போது உறுப்பினர் வீதத்தில்தான் கொடுக்கிறார்கள், புதிய ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே என் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஒப்பந்தம் யாரு யாருக்கு எடையில?" என்று கேட்டார். நமது கழகத்துக்கும் அவர்களுடைய கழகத்துக்கும் இடையில் என்றேன். "அப்போ எங்க கூலி அதுக்குள்ள எப்படிப் போச்சு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. எழுதுவது யார் வேலை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று சொல்வார்களே, அதைத்தான் நான் செய்திருந்தேன். மைதானம் கழகத்துக்குச் சொந்தம். அதில் விளையாடும் கட்டணத்தை விருந்தினருக்காகக் குறைத்தால் அது கழகத்தின் பெருந்தன்மை. கெடியின் கூலி கழகத்தின் புத்தகத்தில் எழுதப்பட்டாலும், கழகத்தின் பெட்டியில் ஒரு வாரம் கிடந்தாலும், கழகத்துக்குச் சொந்தமானதல்ல. அதைக் குறைத்து விருந்து வைக்கும் உரிமை எந்தச் செயலாளருக்கும் இல்லை. இது ஒரு குழந்தைக்கும் விளங்கும் நியாயம். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கழகம், அந்தப் பக்கம் ஒரு கழகம் என்று இரண்டு பேரை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு மூன்றாவது ஒருவர் கண்ணில் படுவதில்லை. மூன்றாமவரின் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கும் படவில்லை.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "எத்தன சுத்து?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "அத மொதல்ல எண்ணிப் பாரு" என்றார்.

எண்ணியபோது

விருந்தினர் பதிவேட்டை எடுத்து எண்ணினேன். ஜனவரி முதல் ஏப்ரல் முடிய, ஐந்து கழகங்களிலிருந்தும் வந்தவர்கள் ஆடிய ஆட்டங்கள் 53. அதில் 41 ஏப்ரலில் மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடி, ஒவ்வொருவருக்கும் 1,000 ரூபா குறைவு. அதே நான்கு மாதங்களில் எங்கள் உறுப்பினர்கள் அந்த ஐந்து கழகங்களுக்கும் போய் ஆடிய ஆட்டங்கள் ஆறு.

இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி நிர்வாகக் குழுவுக்குக் கொண்டுபோனேன். குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஆனால் அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் காகிதத்தில் சரியாகவே இருந்தன. நம் உறுப்பினர் அங்கே போகும்போது அதே சலுகையைப் பெறுகிறார், எனவே இரு பக்கமும் சமம் என்றார் ஒருவர். சலுகை சமம்தான், ஆனால் அதைச் சுமப்பவர் சமமல்ல என்று நான் சொன்னேன். இங்கே 53 தடவை ஒருவர் தன் கூலியில் பாதியை இழந்திருக்கிறார். அங்கே அந்த ஆறு தடவையும் எங்கள் உறுப்பினர் கெடிக்கு முழுக் கூலியையே கையில் கொடுத்திருக்கிறார், அல்லது கையால் இழுக்கும் வண்டியைக் கொண்டு தனியாக ஆடியிருக்கிறார். விருந்தினர் கூலிக்கு மேலே தாராளமாகச் சந்தோசப் பணம் கொடுத்திருப்பார்கள், அதில் ஈடாகியிருக்கும் என்றார் இன்னொருவர். அதையும் நான் கெடிமாரிடம் கேட்டிருந்தேன். 2,000 ரூபா கூலி என்று தெரிந்தவர் 500 ரூபா சந்தோசம் கொடுக்கிறார். 1,000 என்று சிட்டில் பார்த்தவர் 200 கொடுத்துவிட்டு நிறைவாகக் கொடுத்ததாக எண்ணிக்கொள்கிறார். சந்தோசம் கூலியின் நிழல், கூலி குறுகினால் அதுவும் குறுகும்.

கூட்டம் நீண்டது. இறுதியில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. நான்காம் பிரிவில் 'மைதானக் கட்டணமும் அறைக் கட்டணமும்' என்று பெயர் சொல்லி எழுதுவது, கெடிக் கூலியைத் தனிப் பிரிவாக்கி, அது வெளியார் வீதத்திலேயே இருக்கும் என்றும் கெடிக்கே உரியது என்றும் குறிப்பிடுவது என்பது முதலாவது. ஏற்கெனவே குறைந்துபோன தொகையை அறை வருமானத்திலிருந்து கொடுத்துவிடுவது என்பது இரண்டாவது. இரண்டாவதுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அதற்கு இணங்கிய பொருளாளருக்கு நான் இன்றும் நன்றியுடையவள்.

ஐந்து கழகங்களுக்கும் திருத்தத்தை அனுப்பினேன். மூன்று கழகங்கள் ஒரு வாரத்துக்குள் இணங்கின. மாதிரிப் படிவம் தந்த பெரிய கழகத்தின் செயலாளர், தங்கள் உறுப்பினர்கள் கெடிக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்பதை அறிந்து வருந்துவதாகவும், அப்படி ஒரு சலுகையைத் தாங்கள் கேட்கவே இல்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. கேட்காத ஒன்றை, என்னுடையதல்லாத ஒன்றிலிருந்து எடுத்து நான் கொடுத்திருக்கிறேன். நான்காவது கழகம் பல மாதங்கள் இழுத்து, பிறகு கையெழுத்திட்டது. ஐந்தாவது கழகம், கட்டணங்கள் பிரித்துக் காட்டப்படுவது தங்கள் உறுப்பினருக்குச் சிரமம் என்று எழுதி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. போகட்டும். அவர்களால் வந்த அறை வருமானம் குறைந்தது உண்மை, அதற்காக நான் எழுதிய பிரிவை மாற்றும் எண்ணம் எனக்கு வரவில்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை, தென்மேல் பருவ மழை மைதானத்தை மூடியிருந்த மாலையில், பாக்கித் தொகையை உறைகளில் போட்டு, ஒவ்வொன்றின் மீதும் பெயரும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் எழுதிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். மாமாவின் உறையில் எட்டு என்று எழுதியிருந்தது. அவர் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, விரல் மடக்கி ஏதோ நினைத்தார். "ஒம்பது புள்ள" என்றார். பதிவேட்டில் எட்டுத்தான் இருக்கிறது என்றேன். "புத்தாண்டு அன்னிக்கு ஒருத்தரு வந்தாரு. நாலாங் குழிகிட்ட பனி எறங்கிருச்சு. கண்ணு தெரியாம சவுக்கு மரத்தடியில அர மணி நேரம் நின்னோம். ரெண்டு பந்து ஓடையில போச்சு, ஒன்ன எடுத்துக் குடுத்தேன்" என்றார்.

ஏப்ரல் 14 அலுவலகம் பூட்டியிருந்த நாள். நான் திரும்பிப் போய் அந்த வாரத்துச் சிட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். ஆட்டச் சிட்டுகளில் அது இல்லை. அறைக் கணக்குகளின் கட்டில், ஓர் இராத் தங்கலுக்கும் இரண்டு வேளை உணவுக்குமான பில்லின் பின்னால் ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தது. தேதி 15 என்று போடப்பட்டிருந்தது, விருந்தினர் மறுநாள் காலை புறப்படும்போது எல்லாவற்றையும் ஒன்றாகச் செலுத்தியிருக்கிறார். கெடி என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருந்தது. உறையின் மேலிருந்த எட்டை அடித்து ஒன்பது என்று எழுதி, என் தாளில் இருந்த 53ஐ 54 ஆக்கிவிட்டு, மழைக்குள் மறுபடியும் கொட்டகைக்குப் போனேன்.